எல்லோருக்கும் தெரிகிற ஷீட்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது கிறிஸ்டோபருக்கு நாற்பது தாண்டியிருந்தது. புது வேலை தேட வயது போய்விட்டது, சும்மா உட்கார வயது வரவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் மனைவி மௌரீன் ஒருநாளும் நம்பியதில்லை. வேலையில்லாத புருஷன் வீட்டுக்குள் எத்தனை நாள் சிரிப்பான் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சுரங்கத்தில் அவர் பார்த்தது பூமிக்குள் இறங்காத வேலை. டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது அதை ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், மேலே வந்ததும் தன் கையாலேயே எடுத்துக்கொள்வான். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். ஷிப்ட் முடிந்த பிறகும் தொங்கினால் தேட ஆள் இறங்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தப் பலகைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஒருவன் டோக்கனை இன்னொருவன் தொடக்கூடாது. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் கூடாது, ஜன்னலில் இருக்கிற குமாஸ்தாவும் கூடாது. கிறிஸ்டோபர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருவன், சிநேகிதன் டோக்கனை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து, நல்ல மனசோடு அதை எடுத்து வைத்தானாம். சிநேகிதன் உள்ளேதான் இருந்தான். அன்றைக்குப் பாறை வெடித்துச் சரிந்தது. பலகையில் அவன் டோக்கன் இல்லாததால் அவனை யாரும் தேடவில்லை. இந்தக் கதையைச் சொல்லித்தான் கிறிஸ்டோபரை ஜன்னலில் உட்காரவைத்தார்கள். அவரும் தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இதையே சொன்னார்.

சுரங்கம் போனபிறகு அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. மாரத்தஹள்ளியில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேனாக நின்றார். இன்சூரன்ஸ் விற்கப் போய், சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைக் கண்டால் தெருமாறிப் போகிற நிலைக்கு வந்தார். கூரியர் கம்பெனியில் மூட்டை பிரித்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. இடையில் வேலையே இல்லாத காலம் நிறைய. அப்போதும் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறிவிடுவார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலை அதே ரயிலில் திரும்பிவிடுவார். மௌரீனுக்கு அது தெரியும். தெரியும் என்று அவள் காட்டிக்கொண்டதில்லை. டிபன் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் சர்ச் பழக்கத்தில் ஒரு வழி பிறந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஜூடித் மேடம் ஹோம் நர்சிங் ஆபீஸ் நடத்திவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்புவது தொழில். பிள்ளைகள் அமெரிக்கா, துபாய் என்று போய்விட்ட ஊரில் அந்தத் தொழிலுக்குக் குறைவே இல்லை. எந்த வீட்டுக்கு எந்த ஆள் என்று பார்த்து அனுப்புகிற வேலை கிறிஸ்டோபருக்குக் கிடைத்தது. ஒரு போன், சுவரில் ஒரு வெள்ளைப் போர்டு, ஒரு மார்க்கர். மனிதர் மறுபடியும் ஜன்னலில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கவயலில் வேலையில்லாமல் இருந்த பெண்கள் நாலைந்து பேரையும் அங்கே சேர்த்துவிட்டார். சின்னத்தாய் அப்படி வந்தவள்தான்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தப் போர்டுக்கு வேட்டு வந்தது.

வைத்தது சிந்து. தர்மபுரிக்காரப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவள் இல்லை. வேகமானவள், அவ்வளவுதான். போர்டில் இருப்பதையெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு ஷீட்டாகப் போட்டுக்காட்டினாள். ஒரு வரிசைக்கு, அவள் பாஷையில் ஒரு ரோவுக்கு, ஒரு வீடு. பெரியவர் பெயர், பகல் ஆள், இரவு ஆள், அப்புறம் 'வந்தாச்சு' என்று ஒரு கட்டம். ஆள் போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டு போனிலிருந்து ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சொன்னதும் கட்டத்தைப் பச்சையாக்க வேண்டும். கடைசியில் குடும்பத்தார் ஏதாவது எழுத ஒரு கட்டம். ஆபீசில் இருந்தும் பார்க்கலாம், வீட்டில் இருந்தும் பார்க்கலாம், அமெரிக்காவில் இருக்கிற மகனும் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே ஷீட், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம்.

ஜூடித் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே போர்டு கிடையாது. எல்லாம் இதுலதான். கத்துக்க முடியாதவங்க சாரி, நான் வேற ஆள் பாத்துக்கணும்" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆபீசில் கம்ப்யூட்டர் தெரியாதவர் கிறிஸ்டோபர் ஒருவர்தான் என்பதால் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வேலையும் போனால் அவ்வளவுதான். வாட்ச்மேன் வேலைக்குக்கூட இப்போது இளசுகளைத்தான் கேட்கிறார்கள். மறுபடியும் கண்டோன்மென்ட் பெஞ்சுதான். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்தவரை மௌரீன் என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் கத்துக்கணுமாம்" என்றார். "கத்துக்கினா போச்சி" என்றாள் அவள், தோசை திருப்பக் கற்றுக்கொள்கிற மாதிரி.

முதல் நாளே ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. மௌஸில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கட்டத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு தோன்றியது. உள்ளே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"மேடம், இங்க வாங்களேன். இது தானா எழுதிக்கினு கீது!"

பக்கத்து மேஜையில் சிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கிள், அது நான். ஆரஞ்சுன்னா நான், நீலம்னா நீங்க. பக்கத்துல பேரும் தெரியும் பாருங்க. யாரு எந்தக் கட்டத்துல நிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"நீ எழுதிக்கினு இருக்கசொல்ல நான் எப்பிடிம்மா எழுதறது?"

"எழுதலாம் அங்கிள். அதுக்குத்தானே இது."

அவருக்கு அது மனசில் ஏறவே இல்லை. ஆரஞ்சுக் கோடு திரையை விட்டுப் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அது போனபிறகு அவசர அவசரமாக எழுதுவார். அதற்குள் பாதி வீட்டிலிருந்து போன் வந்து போயிருக்கும். சிந்து தலையில் அடித்துக்கொள்வாள். திட்டமாட்டாள், மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாள்.

பிறகு அந்தப் பெரிய குளறுபடி நடந்தது. பகல் ஆட்கள் பெயரை ஏ, பி, சி, டி என்று அடுக்கினால் தேடச் சுலபமாக இருக்குமே என்று கிறிஸ்டோபருக்குத் தோன்றியது. அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் பிடித்து அடுக்கிவிட்டார். பெயர்கள் எல்லாம் வீடு மாறிப்போயின. யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்ட டேவிட் என்கிற வாட்டசாட்டமான பையன் பக்கெட்டோடு போய் நின்றான். அந்த அம்மாளின் மருமகள் போனில் போட்ட சத்தம் கீழே பேக்கரிவரை கேட்டது.

ஜூடித் மேடம் அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துச் சொன்னார். "கிறிஸ்டோபர், இது லாஸ்ட் வார்னிங். உங்களுக்குன்னு பிரிச்சுக் குடுத்த ரோ எதுவோ அத மட்டும் தொடுங்க. அடுத்தவங்க ரோல கை வெச்சீங்க, மறுநாள் நீங்க கே.ஜி.எஃப்லயே இருந்துக்கலாம்."

அவமானம்தான். ஆனாலும் மாலை ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோது மனசு லேசானது. இது அவருக்குத் தெரிந்த சட்டம். ஒருத்தர் டோக்கனை இன்னொருத்தர் தொடக்கூடாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கஷ்டமே இல்லையே என்று நினைத்தார். மறுநாள் சிந்து அவர் வரிசைகளுக்கு இளமஞ்சள் பூசிக்கொடுத்தாள். லிங்கராஜபுரம், பிரேசர் டவுன் பக்கத்து வீடுகள் அவருக்கு. அல்சூர், ஜோகுபாளையம், இந்திராநகர் அவளுக்கு. மஞ்சளுக்குள் மனிதர் ராஜா. ஈஸ்டர் வருவதற்குள் அவர் வரிசைகள் ஆபீசிலேயே சுத்தமாக இருந்தன. மேடம்கூட ஒருநாள் "பரவாயில்லையே" என்றார். அதை அன்றைக்கே மௌரீனிடம் இரண்டு தடவை சொன்னார்.

சிந்துவின் வரிசைகளில் ஒன்று ஜோகுபாளையத்து வெங்கடகிருஷ்ணன் வீடு. தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. ஒரே மகன் கிஷோர் அமெரிக்காவில். பகலில் சின்னத்தாய், இரவில் இன்னொருத்தி. இரவுக்காரி விடிந்ததும் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள். சின்னத்தாய் வருகிறவரை கொஞ்ச நேரம் பெரியவர் தனியாக இருப்பார். அது எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் கண்டுகொள்ளாமல் விட்ட விஷயம்.

கிஷோர் அந்த ஷீட்டிலேயே குடியிருந்தான் என்று சொல்லலாம். அங்கே இரவு ஆகும் நேரத்துக்கு இங்கே காலை. ஊதாக் கோட்டோடு வந்து அப்பாவின் வரிசையில் நிற்பான். 'இட்லியை மோரில் ஊறவைத்துக் கொடுங்கள், பால் வேண்டாம்' என்று எழுதுவான். 'கிரிக்கெட் போட்டுவிடுங்கள், பார்க்காவிட்டாலும் சத்தம் கேட்கட்டும்' என்று எழுதுவான். கட்டம் பச்சையானதும் ஊதாக் கோடு போய்விடும். பையன் படுக்கப் போய்விட்டான் என்று சிந்து சொல்வாள்.

கிறிஸ்டோபர் ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார், ஏதோ கையெழுத்து விஷயமாக. பெரியவர் இடது கையால் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சின்னத்தாய் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. "அவரு எல்லாரையும் அப்பிடித்தான் பிடிச்சிக்குவாரு அண்ணே" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ரயில் மாலூருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எஞ்சினில் கோளாறு என்றார்கள். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ரயிலில் போகிற ஆண்களுக்கு இது பழக்கம். குதித்து வயல் வரப்போடு ரோட்டுக்கு நடந்து, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொள்வார்கள். கிறிஸ்டோபரும் குதித்தார். பெண்கள் பெட்டி ஜன்னலில் சின்னத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணே, போறீங்களா? என் முட்டிய வெச்சிக்கினு என்னால குதிக்க முடியாது. எங்கிட்ட போனும் இல்ல. பெரியவரு தனியா கீறாரு. ஆபீஸ்ல சொல்லி வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்கண்ணே."

"சொல்றேம்மா."

"மறந்துடாதீங்க."

"இன்னாம்மா நீ, நான் மறப்பனா?"

மறக்கவில்லை. அதுதான் விஷயம். வழியெல்லாம் அதே நினைப்போடுதான் வந்தார்.

ஆபீசில் ஜூடித் மேடம் இல்லை. ஒரு சாவுக்காக சர்ச்சுக்குப் போயிருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார். சிந்துவும் இல்லை. அன்றைக்கு அவள் தன் வரிசைகளுக்கு வருகிற போனையும் ஷீட்டையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வேலைக்கு ஏதாவது வீடு கிடைக்குமா என்று வந்து பெஞ்சில் காத்திருந்தவள் எலிசபெத் ஒருத்திதான். கிறிஸ்டோபர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

வெங்கடகிருஷ்ணன். பகல் ஆள் சின்னத்தாய். வந்தாச்சு. கட்டம் பச்சையாக இருந்தது.

மாலூர் வயலில் நிற்கிற ரயிலில் விட்டுவிட்டு வந்த பொம்பளை ஜோகுபாளையத்தில் வந்தாச்சு என்று ஷீட் சொன்னது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் அது தப்பு என்று. கிறிஸ்டோபருக்கும் புரிந்தது. அடுத்த நிமிஷமே மனசு வேறு வேறு வழி தேட ஆரம்பித்துவிட்டது. ரயில் நின்ற சேதி சிந்துவுக்குத் தெரிந்திருக்கும், வேறு ஆளை அனுப்பியிருப்பாள். ஆளை முதலில் அனுப்பிவிட்டுப் பெயரை அப்புறம் மாற்றுவது அவள் வழக்கம்தான். சிந்துவுக்கு போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது அணைத்திருந்தது. பெரியவர் வீட்டுக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. பெரியவரால் எடுக்க முடியாது. போனவள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு ஏதாச்சும் வீடு கீதா?" என்று பெஞ்சிலிருந்து எலிசபெத் கேட்டாள்.

லிங்கராஜபுரத்திலிருந்து ஜோகுபாளையம் ஆட்டோவில் எவ்வளவு தூரம்? அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஷீட்டில் பெயர் ஏறாமல் யாரையும் எங்கேயும் அனுப்பக்கூடாது என்பது மேடம் போட்ட சட்டம். எலிசபெத் பெயரை ஏற்ற வேண்டுமென்றால் சிந்துவின் வரிசையில் கைவைக்க வேண்டும். பச்சையை அழிக்க வேண்டும். அழித்தால் அமெரிக்காவில் அந்தப் பையன் பார்ப்பான், மேடத்துக்கு போன் பறக்கும், யார் தொட்டது என்று கேள்வி வரும். சிந்து உண்மையிலேயே ஆளை அனுப்பியிருந்தால்? ஒரே வீட்டில் இரண்டு பேர் போய் நிற்பார்கள். லாஸ்ட் என்று மேடம் சொல்லியாகிவிட்டது.

அவர் அந்தப் பச்சைக் கட்டத்தில் போய் நின்றார். நீலக் கோடு அதைச் சுற்றிக்கொண்டது. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஊதாக் கோடும் இருந்தது, பையன் இன்னும் படுக்கவில்லை. டெலீட் பட்டன்மேல் கிறிஸ்டோபரின் விரல் இருந்தது. அழுத்துவதற்கு ஒரு பலமும் தேவையில்லை. என்னென்னவோ நினைத்தார். டோக்கன் பலகையை நினைத்தார். அடுத்தவன் டோக்கனைத் தொட்டவன் கதையை நினைத்தார். மௌரீன் கட்டிக் கொடுத்த டப்பாவோடு கண்டோன்மென்ட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்தார். அங்கே படுத்திருக்கிற மனிதரை நினைத்தாரா என்றால், நினைத்தார். கடைசியாக நினைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு விரலை எடுத்தார். நீலக் கோடு அவருடைய மஞ்சள் வரிசைகளுக்கு இறங்கிவந்தது. கொஞ்ச நேரத்தில் ஊதாக் கோடும் மறைந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குப் போ" என்றார் எலிசபெத்திடம்.

மத்தியானம் தாண்டி போன் வந்தது. சின்னத்தாய். ரயில் ஒருவழியாக வந்து, பஸ் பிடித்துப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். "அண்ணே, கீழ விழுந்து கெடக்கறாருண்ணே. தண்ணிக்குத்தான் எக்கி இருக்கறாரு, டம்ளரு உருண்டு கெடக்குது. ஒடம்பு சில்லுனு கீது. யாரும் வரலியே அண்ணே, ஒருத்தரும் வரலியே" என்று கத்தினாள். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிஷோர் விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது.

திங்கட்கிழமை ஜூடித் மேடம் ஷீட்டின் பழைய வரலாற்றைத் திறந்தார். யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார்கள் என்று அதில் எல்லாம் இருக்கும். பச்சை பூசியது சிந்து. காலையிலேயே பூசிவிட்டு, நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க வீட்டாரோடு சிக்பேட்டை போய்விட்டாள். "சின்னத்தாய் அக்கா ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல மேடம். கிஷோர் சார் பாத்துட்டுத் தூங்கணுமேன்னு..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். மேடத்தின் காதில் எதுவும் ஏறவில்லை.

கிறிஸ்டோபர் திரையைப் பார்த்தார். வரலாறு முழுக்கப் பெயர்கள் இருந்தன, அவர் பெயர் எங்கேயும் இல்லை. மாற்றியவர்களைத்தான் அது எழுதிவைக்கும். பார்த்துக்கொண்டு நின்றவர்களை எழுதாது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா கிறிஸ்டோபர்?"

"அது என் ரோ இல்ல மேடம்."

மேடம் தலையாட்டினார். "ஒருத்தராவது சொன்னத கேக்கறீங்க" என்றார். இப்படி ஒரு நற்சான்றிதழ் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

சிந்துவை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். போகிற போக்கில் அவள் சண்டை போடவில்லை. அழுத முகத்தோடு கிறிஸ்டோபர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வரிசைகளையெல்லாம் அவருக்கு மாற்றிக்கொடுத்தாள். மஞ்சளை எடுத்துவிட்டாள், இனி எல்லாம் அவருடையதுதானே. "வரிசைய எடுக்கணும்னா ரைட் கிளிக் பண்ணுங்க அங்கிள், டெலீட்னு வரும். எடுத்தா கீழ இருக்கறதெல்லாம் மேல ஏறிக்கும், பயந்துடாதீங்க" என்று கடைசிப் பாடமும் சொல்லிக்கொடுத்தாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவளுடைய கல்யாணம் என்ன ஆனது என்று அவர் பிறகு விசாரிக்கவே இல்லை.

மாலையில் ஸ்டேஷனில் சின்னத்தாய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க சொன்னீங்கல்ல?"

ரயில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பதில் சொல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

"சொன்னேம்மா. அந்தப் பொண்ணுதான் கண்டுக்கல."

"நாசமாப் போவ" என்றாள் சின்னத்தாய். மண்ணை வாரித் தூற்றுகிறவள் மாதிரி கையை உதறினாள். "இன்னா வயசு அதுக்கு, இன்னா நெஞ்சழுத்தம். அது நல்லா இருக்குமா அண்ணே?"

கிறிஸ்டோபர் ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வீட்டில் மௌரீனிடம், வேலை கூடியிருக்கிறது, எல்லா வீடும் இனி தன் பொறுப்புதான் என்றார். அவள் ஏசுவுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

காரியமெல்லாம் முடிந்து கிஷோர் அமெரிக்கா திரும்பிய பிறகும், அந்த வரிசை ஷீட்டில் அப்படியே கிடந்தது. யாருக்கும் எடுக்க மனசு வரவில்லை. ஒருநாள் காலை உள்ளறையிலிருந்து ஜூடித் மேடம் குரல் கொடுத்தார். "கிறிஸ்டோபர், அந்த ஜோகுபாளையம் ரோவ எடுத்துடுங்க. மத்த வீட்டுக்காரங்க பாக்கறாங்க, நல்லா இல்ல."

"சரி மேடம்."

வரிசையில் போய் நின்றார். நீலக் கோடு வந்தது. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஊதாக் கோடு இருந்தது. அவனுக்கு அங்கே படுக்கிற நேரம். பழக்கத்தில் வந்து நிற்கிறான்போல என்று நினைத்தார். ஊதாக் கோட்டுக்குள் எழுத்துகள் விழ ஆரம்பித்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அவர் வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

'சார், அன்னைக்கு உங்க பேரு அப்பாவோட பச்சைக் கட்டத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. நான் இங்கேந்து பாத்தேன். நீங்க கவனிச்சுக்கறீங்கன்னு நெனச்சுத்தான் தூங்கப் போனேன்.'

நின்றது. பிறகு மறுபடி விழுந்தது.

'என்ன சார் பாத்துக்கிட்டு இருந்தீங்க?'

திட்டியிருந்தால் தேவலை. கேள்வியில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது. கிறிஸ்டோபர் கீபோர்டில் கைவைத்தார். ஒரு வார்த்தை போதும், அவருக்கு அது தெரியும். அந்த ஒரு வார்த்தை மேடத்துக்கும் தெரியும், இந்த ஷீட்டைத் திறக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரியும், சின்னத்தாய் காதுக்கும் போகும்.

"எடுத்தாச்சா?" உள்ளறையிலிருந்து மேடம் கேட்டார்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மௌஸைப் பிடித்தார். ரைட் கிளிக் பண்ணினார். டெலீட் என்று வந்தது. அழுத்தினார்.

பெயரும், பச்சையும், கேள்வியும் ஒன்றாகப் போயின. கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டது. ஊதாக் கோடு மட்டும் போகவில்லை. வெங்கடகிருஷ்ணன் இருந்த இடத்துக்கு ஏறிவந்த வரிசையில், யாரோ ஒரு அம்மாளுடைய வெறும் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பதிலுக்குக் காத்து நின்றது.

"எடுத்தாச்சு மேடம்" என்றார் கிறிஸ்டோபர்.